தோன்றா எழுவாய்

ஒரு வாக்கியத்தை ஆராயப் புகும் இலக்கண ஆசிரியர் முதலில் தேடுவது எழுவாயைத்தான். செய்தவர் யாரென்று தெரியாதவிடத்துச் செயலின் தன்மை முழுமையாக விளங்காது. எழுவாய் வெளிப்பட வாராமல் மறைந்து நிற்பதும் உண்டு. அதனைத் தோன்றா எழுவாய் என்பர் நம் இலக்கணத்தார். அரபு இலக்கணத்தார் ஒருபடி மேலே சென்று, செய்தவரைச் சொல்லாத வினைக்கு ‘மஜ்ஹூல்’ என்றே பெயரிட்டனர். ‘அறியப்படாதது’ என்பது அதன் பொருள். வகுப்பறையில் பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் கேட்கும் இச்சிறு பாடம், உயிரும் உடலும் பிரியும் வேளையைப் பற்றிய பெரியதொரு விவாதத்தில் எவ்வாறு பொருந்தி வருகின்றது என்பதை ஈண்டு நோக்குவோம்.

மூளை பெரிதும் சிதைந்து, நினைவு மீளும் நம்பிக்கையின்றிக் கிடக்கும் நோயாளிக்குச் செயற்கைச் சுவாசமும் குழாய்வழி உணவும் எதுவரை தரப்படல் வேண்டும்? நிறுத்தலாமெனில் யார் நிறுத்துவது? நம் நாட்டில் இவ்வினா 2011, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தில் விரிவாக ஆராயப்பெற்றது. சட்டத்தைச் சட்டம் வல்லார் ஆராயட்டும். இவ்விவாதம் எந்தச் சொற்களில் நடந்தது என்பதே நம் ஆய்வுக்குரியது. ஏனெனில், வாய் பேச இயலாத ஒருவரைப் பற்றிப் பிறர் பேசும்போது, அவருக்கென்று மிஞ்சுவது அந்தச் சொற்களே.

‘கருணைக் கொலை’ என்னும் தொகை

தமிழ்ச் செய்தித்தாள்கள் இப்பொருள் குறித்து வரும் செய்தி அனைத்திற்கும் ஒரே தலைப்பைத்தான் இடுகின்றன: ‘கருணைக் கொலை’. கருணையால் செய்யும் கொலை என விரியும் இச்சொல், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது. அரபு இதழ்களும் ‘கத்லுர் ரஹ்மா’ என அவ்வாறே பெயர்த்துக்கொண்டன. தொகையில் உருபு மறைவது இலக்கணம் அனுமதிப்பதே. ஆனால் இத்தொகையில் உருபோடு சேர்ந்து மூன்று வெவ்வேறு செயல்களின் வேற்றுமையும் மறைந்துபோயிற்று.

நஞ்சூசி போட்டு உயிரை முடிப்பது ஒன்று. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002-இல் இதற்கான சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. நம் நாட்டில் இது குற்றமே. பயன் தராத சிகிச்சையை நிறுத்தி, நோயை அதன் போக்கில் விடுவது இரண்டாவது. மூளைத்தண்டு முற்றாகச் செயலிழந்து, மரணம் என்றே சட்டம் ஏற்றுக்கொண்ட பின் சுவாசக் கருவியை அகற்றுவது மூன்றாவது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேரத்திற்குக் குறையாத இடைவெளியில் இருமுறை சோதித்து இம்மரணத்தை உறுதி செய்தல் வேண்டும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடையளித்தபோது, தமிழகம் முழுவதும் இம்மரணத்தின் பெயரை அறிந்துகொண்டது. அப்பெற்றோரைக் கொலையோடு தொடர்புபடுத்தி யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் நாக்கு கூசியிருக்கும். எனினும் இவ்வேறுபாடு அறியாத ஏழைத் தந்தையொருவர் மருத்துவமனைத் தாளில் கையொப்பமிடும்போது, ‘கருணைக் கொலை’ என்னும் செய்தித்தாள் சொல் அவர் நெஞ்சில் வந்து நிற்கின்றது. மகனைக் கொன்றுவிட்டோமோ என்னும் ஐயம் எஞ்சிய நாள் முழுதும் அவரைத் தொடர்கின்றது. ஒரு சொல்லின் பிழை ஒரு மனிதனை இவ்வளவு வருத்தக்கூடுமெனில், அச்சொல்லை எடை போடுவது வீண்வேலை ஆகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018-இல் வெளியிட்ட கலைச்சொல் விளக்கத்தில், சிகிச்சையை நிறுத்துவதைக் கருணைக் கொலையின் ஒரு வகையாகப் பேசும் வழக்கைக் கைவிடுமாறு கூறியது. மருத்துவர்கள் கைவிட முனைந்ததை நம் இதழாளர்கள் இன்னும் விட்டபாடில்லை.

தீர்ப்பின் முகப்பில் ஒரு கஜல்

2011 மார்ச் 7-இல் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா ஆகியோர் வழங்கிய அருணா ஷான்பாக் வழக்கின் தீர்ப்பு, மிர்ஸா காலிபின் ஒரு ஷிஅரோடு தொடங்குகின்றது. உர்தூ இலக்கியத்தில் தோய்ந்தவர் கட்ஜு. நீதிமன்ற ஏட்டில் காலிப் இடம்பெற்றது கண்டு இலக்கிய அன்பர்கள் மகிழ்ந்திருப்பர். ஆயினும் இலக்கியம் கற்றோருக்கு அவ்விடத்தில் ஒரு கேள்வி எழுந்தே தீரும்: அந்த ஷிஅர் அந்தப் பெண்ணுக்குப் பொருந்துமா?

அருணா ஷான்பாக் கர்நாடகத்து ஹல்திபூரைச் சேர்ந்தவர், மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர். 1973 நவம்பர் 27-இல் அம்மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாயைக் கட்டும் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி வன்கொடுமை புரிந்தான். மூளைக்குப் பிராணவாயு செல்லாமல் போயிற்று. பார்வை, பேச்சு, நினைவு எல்லாம் போயின. அன்று தொடங்கி 2015 மே 18-இல் நிமோனியா காய்ச்சலால் இறக்கும் வரை, 41 ஆண்டுகளுக்கு மேல், அதே மருத்துவமனையிலேயே அவர் கிடந்தார். அவரைப் பற்றி 1998-இல் நூல் எழுதிய இதழாளர் பிங்கி விரானி, அவருக்கு உணவளிப்பதை நிறுத்தி அமைதியாக இறக்க விடுமாறு வேண்டி 2009-இல் வழக்குத் தொடுத்தார்.

காலிபின் ஷிஅர் மரணத்தை ஆவலோடு எதிர்நோக்கியும் அது வாய்க்காத ஒருவனின் ஏக்கத்தைப் பாடுவது. கஜல் மரபில் அது காதலனின் குரல். அவன் ஏங்குகிறான், காத்திருக்கிறான், முறையிடுகிறான். ஏங்குவதற்கு உள்ளம் வேண்டும்; முறையிட நாவு வேண்டும். அவ்விரண்டும் அருணாவுக்கு இருந்தனவா என்பதே அவ்வழக்கின் வினா. நீதிமன்றம் அமர்த்திய மூன்று மருத்துவர்களும் அவரைச் சோதித்து, அவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்லர், கோமாவில் இருப்பவரும் அல்லர், நிரந்தர உணர்வற்ற நிலைக்குரிய இலக்கணங்களிற் பெரும்பாலானவை அவரிடம் பொருந்துகின்றன என்று அறிக்கை தந்தனர். உணவு ஊட்டுகையில் முகக்குறிப்பால் அவர் விருப்பு வெறுப்பைக் காட்டுவதாக மருத்துவமனை கூறிற்று. ஒரு தரப்பார் அவரை உயிருள்ள பிணம் என்றனர். மறு தரப்பார் எங்கள் குழந்தை என்றனர். இவ்விரண்டிற்கும் நடுவே, ‘நான் சாக விரும்புகிறேன்’ என்னும் வாக்கியத்தின் எழுவாயாக அவரை நிறுத்தும் உரிமை கவிதைக்கும் இல்லை.

இதனை நீதிபதிகளின் குறையாக மட்டும் சொல்லவில்லை. தீர்ப்பின் உடல் அதன் முகப்பைவிடச் செம்மையானது. அந்தப் பெண் எதை விரும்புகிறாள் என்று ஊகிப்பதில் நீதிமன்றம் நின்றுவிடவில்லை. அவள் சார்பில் பேசத் தகுதியுடையோர் யார் என்று வினவிற்று. நூலெழுதியவர் அல்லர், நாள்தோறும் துடைத்து, புரட்டி, ஊட்டி, படுக்கைப் புண் வாராமல் காத்த கே.இ.எம். செவிலியரே என்று விடை கண்டது. மனுவைத் தள்ளுபடி செய்தது. அதே வேளை, மீளாநிலை நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்துவது உயர் நீதிமன்ற அனுமதியோடு ஆகும் என்று ஒரு வழியும் வகுத்தது.

இங்கே நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. இவ்வழக்கில் ஐயத்திற்கிடமில்லாத எழுவாய் ஒருவன் இருந்தான், கழுத்தை இறுக்கியவன். ஏழாண்டுச் சிறைத் தண்டனையோடு அவன் கணக்கு முடிந்தது. செய்தவன் வாக்கியத்தை விட்டு வெளியேறினான். நாற்பதாண்டு பணிவிடை செய்தவர்களும் நூலெழுதிய பெண்மணியும் நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர். விவாதம் முழுவதும் சாவைப் பற்றியதாயிற்று. சாவுக்கு ஒப்பான நிலையைச் செய்தவனைப் பற்றிய பேச்சு அற்றுப்போயிற்று.

மாந்தரைத் தாவரமாக்கும் சொல்

இந்நிலைக்கு மருத்துவ உலகம் இட்ட பெயரும் ஆராயத்தக்கது. 1972-இல் ஜென்னெட், பிளம் என்னும் இரு மருத்துவர்கள், கண் விழித்தும் உறங்கியும் இருந்துகொண்டே அறிவின் அடையாளம் எதுவும் காட்டாத நோயாளிகளின் நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டினர். உடற்செயல் மட்டும் நடக்கும் வாழ்வு என்பதே அவர்கள் கருதியது. நம் மொழிபெயர்ப்பாளர் அதனைத் ‘தாவர நிலை’ ஆக்கினர். தாவரம் என்பது நிலைபெயராது நிற்பதைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். கேட்பவர் மனத்தில் வந்து நிற்பது செடியும் காய்கறியும். நீரூற்றுவதை நிறுத்தினால் வாடிவிடும் செடிக்காக எவரும் வழக்காடுவதில்லை. பெயரிட்ட மாத்திரத்திலேயே தீர்ப்பின் பாதி எழுதப்பட்டுவிடுகின்றது.

2006-இல் ஏட்ரியன் ஓவன் என்பவரும் அவர்தம் குழுவினரும் இந்நிலையில் உள்ளவராகக் கருதப்பட்ட பெண்ணொருவரை மூளைப் படக் கருவியில் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாக எண்ணிப் பார்க்குமாறு கூறினர். நலமுள்ளோர் மூளையில் எப்பகுதி இயங்குமோ அப்பகுதியே அவர் மூளையிலும் இயங்கிற்று. எல்லா நோயாளியும் இவ்வாறிருப்பர் என்பது இதன் பொருளன்று. வெளியே காணப்படும் அமைதியைக் கொண்டு உள்ளே ஒருவருமில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது என்பதே இதன் பாடம். 2010-இல் ஐரோப்பிய மருத்துவர் குழுவொன்று பழைய பெயரை விடுத்து, ‘துலங்கல் இல்லா விழிப்பு’ எனப் பொருள்படும் பெயரை முன்மொழிந்தது. கண்டதை மட்டும் சொல்லி, காணாததைப் பற்றி வாய்மூடும் பெயர் அது. தமிழில் நாமும் அவ்வாறே சொல்லலாம்.

நம் மக்கள் வழக்கில்

மேலைச் சொற்களைக் குறை கூறுமுன் நம் வீட்டுச் சொற்களையும் நோக்குதல் நேர்மை. விருதுநகர், மதுரைப் பகுதிச் சிற்றூர்களில் படுத்த படுக்கையான முதியோருக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டி, இளநீர் புகட்டி, குளிர்ந்து சாகவிடும் வழக்கம் இருந்து வந்தது. 2010-இல் அது வெளியுலகின் கவனத்திற்கு வந்தது. அதன் பெயர் ‘தலைக்கூத்தல்’. தலை முழுக்காட்டுதல் என்பதற்கு மேல் அச்சொல்லில் ஒன்றுமில்லை. ‘கருணைக் கொலை’ கொலையல்லாததையும் கொலை என்கின்றது. ‘தலைக்கூத்தல்’ கொலையைக் குளியல் என்கின்றது. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். இவ்வழக்கத்தைப் பொருளாகக் கொண்டு தேசிய விருது பெற்ற ‘பாரம்’ என்னும் திரைப்படம், அப்பெயரை மறுத்து, வீட்டார் மனத்தில் உள்ள சொல்லையே தலைப்பாக்கியது பாராட்டத்தக்கது. முதியவர் பாரம், இறக்கிவைத்தவர் இன்னார். எழுவாய் வெளிப்பட்டுவிட்டது.

நாம் வாழும் கரியாலூர்ப் பக்கத்தில் வழங்கும் சொற்கள் வேறு. கல்வராயன் மலையில் ஒருவருக்குச் சுவாசக் கருவி தேவைப்படின், கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். அங்கும் ஆகாதெனில் சேலமோ புதுச்சேரியோ செல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நோயாளிகள் அவ்வூர்களின் மருத்துவமனைகளுக்கெல்லாம் கொண்டு செல்லப்பட்டதை இப்பகுதி கண்டது. மெத்தனால் கண்ணையும் மூளையையும் ஒருங்கே அழிக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே தரையில் அமர்ந்திருக்கும் உறவினருக்கு இவ்விவாதம் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

அவர்கள் ‘இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்பர், எழுவாய் உயிர். ‘டாக்டர் கைவிரித்துவிட்டார்’ என்பர், எழுவாய் மருத்துவர். இவை பொய்யில்லாத வாக்கியங்கள். அதன் பிறகு நடப்பதுதான் மறைக்கப்படுகின்றது. தனியார் மருத்துவமனையில் நாள்தோறும் ஏறும் கட்டணத்தைத் தாங்க இயலாமல், நிலத்தை அடகு வைத்த பிறகும் தாங்க இயலாமல், ‘மருத்துவர் அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்’ என்று உறவினர் எழுதித் தருகின்றனர். சுவாசக் குழாய் வழியிலோ வீட்டு வாசலிலோ அகற்றப்படுகின்றது. வலிக்கு மருந்தில்லை, மூச்சுத் திணறலுக்கு மருந்தில்லை. நம் நாட்டில் உயிர்காப்புக் கருவியை நிறுத்துதல் பரவலாக நடப்பது இவ்வகையில்தான். நீதிமன்றத்தில் நாம் வாதிடும் செயல் இங்கே மருத்துவர் குழுவும் இன்றி, நீதிபதியும் இன்றி நடந்துவிடுகின்றது. அத்தாளில் எழுவாயாக நிற்பவர் மிக எளியவர். கைவிரித்தவர் பெயர் அதில் இல்லை. கட்டணம் வாங்கியவர் பெயரும் இல்லை. வறுமையின் பெயர் இல்லவே இல்லை.

ஃபிக்ஹு நூல்கள் கேட்கும் கேள்வி

நம் ஃபிக்ஹு அறிஞர்கள் சுவாசக் கருவியைக் கண்டவர்கள் அல்லர். எனினும் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட நிலையை ஆராய்ந்து இரண்டு சொற்களை வைத்துச் சென்றனர். ‘ஹயாத் முஸ்தகிர்ரா’ என்பது நிலைகொண்ட உயிர். ‘ஹரகத்துல் மத்பூஹ்’ என்பது அறுபட்ட பிராணியின் துடிப்பு. ஒருவன் மற்றொருவனைத் தாக்கி இரண்டாம் நிலைக்குக் கொண்டுவந்த பின், வேறொருவன் வந்து வெட்டினால் கொலையாளி யார்? முதலாமவனே என்பர். நிலைகொண்ட உயிர் எஞ்சியிருக்கையில் இரண்டாமவன் அறுத்துக் கொன்றிருந்தால், இரண்டாமவனே கொலையாளி. இந்தப் பகுப்பு எழுந்தது எழுவாயைக் கண்டுபிடிக்கவே என்பதை ஊன்றி நோக்குக.

1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமி, மூளை முற்றாகச் செயலிழந்து மீளாதென்று வல்லுநர் உறுதி செய்தபின் கருவியை அகற்றலாம் என்றும், அவர் மரணித்தவராகவே கருதப்படுவார் என்றும் முடிவு செய்தது. 1987-இல் மக்காவில் கூடிய மற்றோர் அறிஞர் அவை, கருவியை அகற்றலாம், ஆயினும் இதயமும் மூச்சும் நின்ற பின்னரே மரணச் சட்டங்கள் பொருந்தும் என்று கூறிற்று. வாரிசுரிமை, இத்தா போன்றவற்றில் இவ்வேறுபாட்டிற்குப் பயனுண்டு. இவ்விரு முடிவுகளும் முழு மூளைச் செயலிழப்பைப் பற்றியன. தானே மூச்சு விட்டு, விழித்து உறங்கும் அருணாவைப் போன்றோருக்கு இவற்றைப் பொருத்திக் காட்டுவது பிழையாகும். அவரிடம் இருந்தது நிலைகொண்ட உயிரே.

மருத்துவம் செய்துகொள்வது எல்லா நிலையிலும் கடமையன்று என்பது பல இமாம்களின் கருத்து. வலிப்பு நோயால் துன்புற்ற பெண்மணியொருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, பொறுமையையும் துஆவையும் முன்வைத்து அவரையே தேர்ந்துகொள்ளச் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அவர் பொறுமையைத் தேர்ந்தார். தேர்ந்தவர் அவரே, அவருக்காக மற்றொருவர் தேரவில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததாகப் புறநானூறு காட்டும் செய்தியிலும் முடிவெடுத்தவன் அவனே. உண்ணாது உயிர் விடுதல் நம் மார்க்கத்திற்கு ஏற்புடையதன்று. எனினும் அங்கும் எழுவாய் ஐயத்திற்கிடமின்றித் தெரிகின்றான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் தவக்குல் பற்றிப் பேசுமிடத்துத் துன்பம் நீக்கும் சாதனங்களை மூன்றாகப் பிரிக்கின்றார். தாகத்திற்கு நீரும் பசிக்கு ரொட்டியும் போல உறுதியாகப் பயன் தருவன ஒருவகை. இவற்றைக் கைவிடுதல் கூடாது. மருந்து, இரத்தம் குத்தி எடுத்தல் போலப் பயன் தரக்கூடும் என்று எண்ணப்படுவன மற்றொருவகை. இவற்றைச் சில நிலைகளில் விடலாம். சூடு போடுதல் போன்றவை மூன்றாம் வகை. இன்றைய வினாவின் முள் இந்த இடத்தில்தான் இருக்கின்றது. சுவாசக் கருவி இரண்டாம் வகை என்பதில் தடையில்லை. குழாய்வழி உணவு எவ்வகை? மருத்துவர் பலர் அதனைச் சிகிச்சை என்பர். 1993-இல் டோனி பிளாண்ட் என்னும் இளைஞர் வழக்கில் இங்கிலாந்து பிரபுக்கள் சபையும் அவ்வாறே கொண்டது. கே.இ.எம். செவிலியர் அதனைச் சோறூட்டல் என்றனர்.

‘ரஹ்மத்’ என்னும் சொல்லும் கருப்பையைக் குறிக்கும் ‘ரஹிம்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. கேட்கத் தெரியாத ஒன்றுக்குக் கொடிவழி ஊட்டுவதே கருணையின் முதல் உருவம். ஆதலால் உடல் ஏற்கும் வரை உணவு ரொட்டியும் நீருமே என்பது நம் கருத்து. உடல் ஏற்க மறுத்து, ஊட்டியது நுரையீரலில் புகுந்து துன்புறுத்தும் கட்டத்தில், அதுவும் மருந்தின் வகைக்கு வந்துவிடுகின்றது. அப்போது நிறுத்துவது பட்டினி போடுவது ஆகாது. இதனை மறுப்போர் கற்றோரிடையே உளர். அவர்தம் வாதமும் மதிக்கத்தக்கதே.

பெயர் தாங்கிய கையொப்பம்

2018 மார்ச் 9-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பிலும் மேற்கோள்களுக்குக் குறைவில்லை. விவேகானந்தர், கிரேக்க ஞானி எபிகூரஸ், ஆங்கிலக் கவி டென்னிசன் எனப் பலர் வந்து போகின்றனர். அத்தீர்ப்பின் சிறப்பு அவர்களால் வந்ததன்று. மாண்போடு இறத்தல் வாழும் உரிமையின் பகுதி என்று அது உரைத்தது. நினைவுள்ள காலத்திலேயே ஒருவர் தம் விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்றது. எழுதாதோர் திறத்தில் இரு மருத்துவர் குழுக்களும் குடும்பத்தாரும் சேர்ந்து முடிவு செய்யும் முறையை வகுத்தது. நடைமுறைக்கு ஒவ்வாத கடினங்களை 2023 ஜனவரி 24-இல் நீதிமன்றமே தளர்த்திற்று. ஆவணத்திற்கு நோட்டரி அல்லது கெசட் பதிவு பெற்ற அலுவலர் சான்று போதும். ஒவ்வொரு குழுவிலும் மூவர். இயன்றவரை 48 மணி நேரத்தில் கருத்துரைத்தல் வேண்டும். நிறுத்துமுன் நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

வறண்ட விதிகள்தாம். ஆனால் கஜல் தராத ஒன்றை இவை தருகின்றன. இன்ன மருத்துவர் சோதித்தார், இன்ன உறவினர் இசைந்தார், இன்ன நாளில் இன்ன கருவி நிறுத்தப்பட்டது என்று பெயரோடு எழுதச் செய்கின்றன. தோன்றா எழுவாய் அங்கே தோன்றுகின்றது. நோயாளி தம் கையால் எழுதிவைத்திருந்தால், பேச்சற்ற நிலையிலும் அவரே எழுவாய் ஆகின்றார். இம்முறை பெருநகர மருத்துவமனைகளில் நின்றுவிடாமல் மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கும் வரவேண்டும். வலி தணிக்கும் மருத்துவமும் உடன் வரவேண்டும். இல்லையேல் மலையிலிருந்து இறங்கியவர் அந்தப் பழைய தாளில்தான் கையொப்பமிடுவார்.

எழுதுவோருக்கும் ஒரு கடமையுண்டு. ‘சுவாசக் கருவியை மருத்துவர் அகற்றினர்’ என்று எழுத முடியும்போது ‘கருணைக் கொலை’ என்று எழுதுவானேன்? ‘குழாயுணவை நிறுத்தினர்’ என்பதே செய்தியாயின் அவ்வாறே எழுதுக. படிப்பவர் அச்செயலின் நன்மை தீமையைத் தாமே எடைபோடுவர். கருணை இருந்ததா என்பது அடியான் நெஞ்சில் உள்ளதை அறிபவனுக்கே தெரியும்; அதைத் தலைப்பில் அச்சிடும் அதிகாரம் நமக்கில்லை. வல்லாஹு அஃலம்.